மனுதாரரின் கணக்கெடுப்பு

இரண்டாம் முறை எண்ணியபோது முப்பது கூடியது.

அவள் பைனாகுலரை இறக்கிக் கண்களைக் கசக்கிக்கொண்டாள். நாலாயிரத்து இருநூற்றுச் சொச்சம் பறவைகள். ஏழு வருடங்களில் இந்தச் சதுப்பு நிலத்துக்கு இத்தனை வந்ததில்லை.

சந்தோஷப்பட வேண்டிய காலை.

சதுப்பின் வடபாதியில் ஆறுவழிச் சாலைக்கான தூண்கள் நின்றன. போன ஆடியில் இடைக்காலத் தடை நீங்கியதும் எழுப்பியவை. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காய்ந்தன.

சாலை வேறு பக்கம் போகட்டும் என்று வழக்குப் போட்டவள் அவள். ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை. மனுவில் கையெழுத்திட்ட நான்கு பேரில் ஒருவர் இறந்துவிட்டார். இருவர் விலகிக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை இறுதி வாதம். தூண்கள் வந்தபின் பறவைகள் குறைந்துவிட்டன என்பதுதான் அவள் தரப்பில் மிச்சமிருந்த ஒரே வாதம்.

குறையவில்லை.

ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெற்கே இருந்த ஏரியை மண் கொட்டி மூடிவிட்டார்கள். அங்கே இறங்க வேண்டியவையும் இங்கே இறங்கியிருந்தன. அவற்றுக்குப் போக வேறு இடமில்லை.

வழக்கறிஞர் தயாளனைக் கைபேசியில் அழைத்து எண்ணைச் சொன்னாள்.

“டீச்சர், உங்கள பொய் சொல்லச் சொல்லல. முட்டி வலி, இந்த வருஷம் எண்ணப் போக முடியலைன்னு விட்டுடலாம். யாரும் கேக்க மாட்டாங்க.”

முட்டி வலித்தது உண்மைதான்.

கணுக்காலளவு சேற்றில் அப்படியே நின்றாள். ஏழு வருட வாய்தா. எதிர்த்தரப்பு கொண்டுவந்த கணக்கையெல்லாம் பொய்யென்று காட்டியது அவள் கையிலிருந்த இந்த நோட்டு மட்டும்தான்.

நோட்டைத் திறந்து எண்ணை எழுதினாள். காரணத்தையும் எழுதினாள். அது அடுத்த பக்கத்துக்குப் போனது.

திங்களன்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் பக்கத்தை மட்டும் படித்தார். தயாளன் இரண்டாம் பக்கத்தைப் படிக்க எழுந்தார். அதுதான் பதிவில் இருக்கிறதே, உட்காருங்கள் என்றார் நீதிபதி.

மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. மனுதாரரின் கணக்கெடுப்பே பறவைகளுக்குப் பாதிப்பில்லை என்று காட்டுவதால் பணி தொடரலாம். பறவைகளைக் கண்காணிக்க ஒரு குழு அமைக்க வேண்டும். குழுவில் மனுதாரரும் இருப்பார். அவருடைய நேர்மையை நீதிமன்றம் பாராட்டுகிறது.

வராந்தாவில் தயாளன் அவள் முகத்தைப் பார்க்காமல் கோப்பைக் கட்டினார்.

“குழுவுலேர்ந்து உங்க பேர எடுக்கச் சொல்லி எழுதிக் குடுத்துடவா டீச்சர்?”

அவள் மர பெஞ்சில் உட்கார்ந்து செருப்பின் வாரைத் தளர்த்தினாள். கால் வீங்கியிருந்தது. எதிரே ஜெயித்தவர்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வாரை மறுபடி இறுக்கினாள்.

“தென்பாதில எப்பத் தூண் போடப்போறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. அதுக்குள்ள இன்னொரு தடவ எண்ணிடணும்.”