கை படாத பாடம்

"பையன் தப்பு பண்ணட்டும், நீ சும்மா நின்னு பாருன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன் தெரசா? காதுல வாங்கினானா அந்த ஆளு?"

விரிவுரையாளர் தனசேகரன் கத்திய கத்தலில் பெஞ்சில் இருந்த மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். திட்டு அவளுக்கு இல்லை, இன்னும் வந்து சேராத பிலவேந்திரனுக்கு.

அவளும் அவனும் பல்கலைக்கழகத்தில் தொழிற்கல்வி ஆசிரியர் பயிற்சி படிப்பவர்கள். தெரசா போன வாரமே கற்பித்தல் தேர்வை முடித்துவிட்டாள். பிலவேந்திரனுக்கு இன்று, இந்தக் கள்ளக்குறிச்சிப் பள்ளியில். சேலத்திலிருந்து புதுத் தேர்வாளர் ஒருவர் வர வேண்டும். வருவதற்கு வழி? இட ஒதுக்கீட்டுப் போராட்டம் என்று ரோடு நெடுக மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, டீக்கடைகூட இல்லை. தேர்வைத் தள்ளி வைத்து ஒரு தந்தி கொடுக்க மட்டும் எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை. தனசேகரன் ஹாஸ்டல் பையன்களைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்.

"பிலவேந்திரன் ஊரு வடக்கனந்தல்தான சார், நடந்தாவது வந்துருவாரு."

"வந்து இன்னா பண்ணப் போறான்? எட்டு வருஷம் மோட்டார் ரிப்பேர் கடையில செப்புக் கம்பி சுத்தி காயில் கட்டுனவன். பையன் ஒரு கம்பிய மாத்தி சொருவுனா போதும், இவனுக்குக் கை அரிக்கும். வெடுக்குனு புடுங்கி தானே கட்டி முடிச்சிட்டு, எப்பிடி சார்னு என்னப் பாத்து சிரிப்பான். மோட்டார் ஓடும். பையன் இன்னாத்த கத்துக்கினான்? ஒண்ணும் இல்ல."

"போன வருஷம் அதுலதான் பெயிலுன்னாரு சார்."

"இந்த வாட்டியும் கைய வச்சான்னா பெயிலுதான். அவனுக்குன்னு சொல்லி வச்சிருக்கிற வாத்தியார் வேலையும் வேற ஆளுக்குப் போயிடும். ரெண்டு பொண்ணுங்கள வச்சிக்கினு மறுபடியும் அந்தக் கடையிலயே குந்தணும். அந்தக் கவலை எனக்கு இருக்குது, அவனுக்கு இல்ல."

தெரசா வாசலைக் காட்டினாள். பிலவேந்திரன் நின்றிருந்தான். சட்டையெல்லாம் புழுதி, முகத்தில் ரத்தமே இல்லை. அவனோடு வந்த வெள்ளைச் சட்டைக்காரர், கையில் ஒரு துணிப்பையோடு, யாரையும் பார்க்காமல் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்.

போச்சுடா, தேர்வாளருக்கு முன்னால் வந்து நிற்க வேண்டியவன் அவரோடு சேர்ந்து வருகிறானே என்று தனசேகரன் நொந்துகொண்டார். அவசரமாக அவரிடம் ஓடினார்.

"வணக்கங்க. ரோட்டுல ரொம்ப சிரமங்களா?"

"அது ரோடாங்க? எனக்கு ஒரு மணி நேரந்தான் இருக்குது. சீக்கிரம் முடிக்கச் சொல்லுங்க."

பிலவேந்திரன் கரும்பலகையை ஒட்டி நின்றுகொண்டு பாடத்தை ஆரம்பித்தான். குரல் நடுங்கியது. தனசேகரன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"பழனி, நீ வந்து படத்தப் போடு."

தனசேகரன் நிமிர்ந்தார். கரும்பலகையை மாணவனிடம் விடுவதா, இவனா? எழுந்து போன பழனி சாக்பீஸை வைத்துக்கொண்டு ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு மளமளவென்று படத்தைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அடுத்து பாவாடை என்ற பையன், மேசைமேல் இருந்த மோட்டாரில் காயிலைச் சொருக வந்தான். முதல் காயில் சரி. இரண்டாவதை மாற்றிச் சொருகினான். தொலைந்தது, இப்போது பாய்வான் பார் என்று தனசேகரன் பல்லைக் கடித்தார்.

பிலவேந்திரனின் தோள் துடித்தது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. அதைக்கூட அவன் துடைக்கவில்லை.

"பாவாட, மொத காயிலோட கம்பி எந்தப் பக்கம் வந்துச்சு?"

"சோத்தாங்கைப் பக்கம் சார்."

"இப்ப வுட்டது?"

பையன் குனிந்து பார்த்தான். யோசித்தான். "மாத்தி வுட்டுட்டேன் சார்."

"அப்ப இன்னா பண்ணுவ?"

பாவாடை தானே பிரித்தான், தானே சொருகினான், தானே சிரித்தான். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஒரு வருஷம் கரடியாய்க் கத்தியது வீண் போகவில்லை.

"பாத்தியா தெரசா, கைய பின்னாலேருந்து எடுக்கவேயில்ல" என்று கிசுகிசுத்தார். "இத மொதல்லயே செஞ்சிருந்தா என் உசுரு மிஞ்சியிருக்கும்ல?"

கடைசி பெஞ்சுக்காரர் ஒரு குறிப்பும் எடுக்கவில்லை. பிலவேந்திரன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு லயித்துவிட்டார் என்று தனசேகரனுக்குப் பெருமையாக இருந்தது. பாடம் முடிந்ததும் அவரிடம் போனார்.

"எப்பிடிங்க? தாராளமா மார்க் போடலாங்களா?"

"மார்க்கா?" அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நான் போலீஸ் ஸ்டேஷன்லேருந்து வரேன் சார். மரம் வெட்டிப் போட்ட எடத்துல இந்தப் பையில ரம்பமும் சுத்தியலுமா நின்னாரு, புடிச்சிட்டோம். எல்லாம் பாடம் நடத்தத்தான், இன்னிக்கி பரீட்சை, பொழப்பே போயிடும்னு அழுதாரு. பாவமா இருந்துச்சு, ஒரு மணி நேரம் வுட்டேன். வாய்யா, போலாம்."

பிலவேந்திரன் தனசேகரனை ஒரு முறை பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினான். அவன் மணிக்கட்டு இரண்டையும் முதுகுக்குப் பின்னால் அவன் துண்டாலேயே இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.