குளியலறைச் சீட்டி

அப்பனையே பார்த்திராத ஃபிஞ்ச் குருவிக் குஞ்சின் மூளையில் அப்பன் பாட்டின் நினைவை ஏற்றிவிட்டால் அது பாடுமா? இதுதான் சிந்துஜாவின் முனைவர் பட்ட ஆய்வு. குஞ்சுகள் பாடின. ஆசை யாரை விட்டது? தான் பிறக்கும் முன்பே இறந்துபோன அப்பாவுக்காக ஒரு சீட்டியை அவளே மெட்டுக்கட்டித் தன் மூளையிலும் ஏற்றிக்கொண்டாள். அன்று முதல், அப்பா சவரம் செய்தபடி சீட்டியடித்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. காலிக் குளியலறையைத் தாண்டும்போதெல்லாம் நின்று காது கொடுப்பாள். டாக்டராகப் போகிறவள் செய்கிற வேலையா அது!

“உங்கப்பனுக்குச் சீட்டியே அடிக்க வராது கண்ணு. வாயைக் குவிச்சா வெறுங்காத்துதான் வரும்” என்று அம்மா சிரித்தாள்.

“பொய்னு தெரியும்மா. ஆனா பயமா இருக்குது. இன்னிக்கே அழிச்சுடறேன். விட்டா உள்ள இறுகிடும், அப்புறம் சாகற வரைக்கும் போகாது.”

அம்மா துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“அவரோட நாலு மாசந்தான் இருந்தேன். மொகம் போட்டோவுல இருக்குது. சத்தந்தான் ஒண்ணுமே ஞாபகமில்ல.”

கொஞ்ச நேரம் குளியலறைக் கதவையே பார்த்தாள்.

“அழிக்கறதுக்கு முன்னால அதை எனக்கு ஏத்திவிடு சாமி. இறுகினா இறுகட்டும்.”