கௌதள்ளி சந்திரனை நீக்கலாமா

'நீக்கலாம்' என்று மறுபடியும் தட்டிவிட்டு லீலா கைப்பேசியை மடியில் கவிழ்த்தாள்.

நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ் மைசூரைத் தாண்டியிருந்தது. காலை ஷிஃப்ட். ஆளுக்கொரு ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கினார்கள்.

இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறவர்களுக்கு அவளைக் கண்டால் பயம். பதினொரு வருடமாகச் சம்பளம் வாங்காமல் வெட்டுகிறாள். சான்று இல்லையா, கட்டுரை இல்லை. நடிகரின் மைத்துனன், கவுன்சிலரின் கவிதைத் தொகுப்பு, தன்னைத் தானே விஞ்ஞானி என்று சொல்லிக்கொண்ட ஒருவர், எல்லாரும் அவள் கையில் போனவர்கள்.

இந்த வாரம் சிக்கியவர் கௌதள்ளி சந்திரன்.

கீபோர்டு வாசித்தவர். ஹனூர் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஆர்கெஸ்ட்ரா நடத்தியவர். ஆடி மாதம் செத்துப்போனார். ரசிகர் ஒருவர் அழுதுகொண்டே எழுதியது போல ஒரு கட்டுரை எழுதியிருந்தார்: மூன்று அம்மன் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டவர், அந்த மூன்றும் ஒலிக்காத திருவிழா இன்றும் அந்தப் பக்கத்தில் கிடையாது.

சான்று என்று இருந்தது ஒரு பழைய சிடி அட்டையின் படம் மட்டும்.

நீக்க வேண்டும் என்று முதலில் கொடி பிடித்தது லீலாதான்.

ஏழு நாள் வாதம். இன்று கடைசி நாள். கட்டுரை வேண்டும் என்றவர்கள் மூன்று பேர். நீக்கலாம் என்றவர்கள், அவளோடு சேர்த்து, நான்கு. சரிசமமாக வந்தால் கட்டுரை தங்கிவிடும், அதுதான் வழக்கம்.

காளியப்பன் என்ற ஒருவர் கெஞ்சியிருந்தார். "ஒரு மனுசன நாலு ஊரு சனம் ஞாபகம் வெச்சிருக்குதுங்க. அது சான்று ஆகாதுங்களா?"

ஆகாது என்று அப்போதே பதில் எழுதிவிட்டாள். அட்டையில் யார் பெயரை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்றும் சேர்த்திருந்தாள்.

பக்கத்து சீட் மனிஷா எட்டிப் பார்த்தாள். "செத்துப்போன மனுஷன்கிட்ட சும்னே ஏங்க்கா சண்டை? ஒரு பேஜ் இருந்துட்டுப் போவட்டும். இன்டர்நெட்டு என்ன, உங்கப்பா வாங்கிப்போட்ட சைட்டா?"

"ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தாண்டி."

"ஹௌதா, அப்படியா? சரிங்க மேடம்." மனிஷா காதில் பாட்டை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

கைப்பேசி அதிர்ந்தது.

நிர்வாகி விஜய்குமார். எந்த ஊர்க்காரர் என்றுகூட லீலாவுக்குத் தெரியாது. வாக்குகளை எண்ணுமுன் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியை அவளிடமும் கேட்டிருந்தார். 'இந்த நபருடன் உங்களுக்கு நேரடித் தொடர்பு ஏதும் உண்டா? உண்டென்றால் உங்கள் வாக்கு செல்லாது.'

மற்ற ஆறு பேரும் 'இல்லை' என்று எழுதி முடித்திருந்தார்கள்.

லீலாவும் 'இல்லை' என்று தட்டினாள். அனுப்பிவிட்டால் சாயங்காலத்துக்குள் சந்திரன் போய்விடுவார்.

அனுப்பவில்லை.

முன்னால் ஒரு கரும்பு லாரி. பஸ் ஊர்ந்தது. அவள் அந்த ஒற்றைச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கம் போனாலும் பாட்டு போகாது. அடுத்த திருவிழாவில் குழாய் ஒலிபெருக்கியில் அந்த மூன்றும் ஒலிக்கும். யார் போட்ட மெட்டு என்று யாராவது கேட்டால், சந்திரன் என்பார்கள். இல்லையென்றால், யாருக்குத் தெரியும் என்பார்கள்.

அவளுக்கு இன்னொரு விதியும் தெரியும்.

கட்டுரையைத்தான் நீக்குவார்கள். நீக்கலாமா வேண்டாமா என்று நடந்த வாதத்தை நீக்க மாட்டார்கள். அதில் எழுதிய ஒவ்வொரு வரியும் தேதியோடு, நேரத்தோடு காப்பகத்தில் கிடக்கும். அங்கே எழுதுவதற்குச் சான்று கேட்டு யாரும் வெட்டுவதில்லை. இந்தப் பதினொரு வருடத்தில் அவளே வெட்டியதில்லை.

லீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'இல்லை'யை அழித்தாள்.

'உண்டு' என்று தொடங்கினாள். 'என் வாக்கை எண்ண வேண்டாம். பத்தொன்பது வயதிலிருந்து நான்கு வருடம் அவருடைய ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாவது கீபோர்டு நான். அந்த மூன்று மெட்டுகளும் நான் போட்டவை. மூன்றாவதை ஹனூர் போகிற வேனில், கீபோர்டை மடியில் வைத்துப் போட்டேன். அடுத்த சிடியில் உன் பெயர் வரும் என்றார். அடுத்த சிடி வரவில்லை.'

அவள் வாக்கு செல்லாது என்றால் மூன்றுக்கு மூன்று. சந்திரன் தங்கிவிடுவார், அவள் மெட்டுகளோடு. தெரிந்துதான் தட்டினாள்.

சான்று எங்கே என்று யாராவது கேட்பார்கள். வேறொருவர் இதை எழுதியிருந்தால் முதல் ஆளாக அவளே கேட்டிருப்பாள். கேட்கட்டும். சான்று இல்லை. மெட்டு போட்டவள் இருக்கிறாள்.

பதிலின் கீழே கையெழுத்துக்கு ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் இத்தனை வருடமாக ஒளிந்துகொண்டிருக்கும் புனைபெயர் தானாக வந்து விழும்.

அவள் அதைத் தொடவில்லை. லீலா ஆறுமுகசாமி என்று எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

தட்டி முடித்த பிறகும் ஏதோ குறைந்தது. யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. யாரையும் கேட்காமல், பெயருக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளி வைத்து, இசையமைப்பாளர் என்று சேர்த்து, அனுப்பினாள்.