சிவப்பே இல்லாத வாரம்

ஓசூர் தொழிற்பேட்டையின் வரலாற்றில் இனி இரண்டே காலங்கள்தான்: அந்தத் திங்கட்கிழமைக்கு முன், அந்தத் திங்கட்கிழமைக்குப் பின். ஜெனரல் மேனேஜர் ஹரீஷ்குமார் கேன்டீனில் மைக்கைப் பிடித்து அப்படித்தான் அறிவித்தார். எந்தக் காலமானாலும் கம்பெனி பஸ் எட்டரைக்குத்தானே என்ற முகத்தோடு, இட்லித் தட்டும் கையுமாக நின்று கேட்டார்கள் ஷிப்ட் முடிந்தவர்கள்.

"போன வாரம் பூரா நம்ம ஆப்ல ஒரு சிவப்பு எழுத்துகூட வரல. சென்னைலருந்து எம்.டி. தன்னோட போனைப் பாத்துட்டு அவரே கூப்பிட்டுப் பாராட்டினார்."

கை தட்டினார்கள். ஆளுக்கொரு லட்டு வந்தது.

ஆப்பை எழுதிய ஸ்வாதி கடைசி மேஜையில், வந்த கொட்டாவியை லட்டால் அடைத்துக்கொண்டிருந்தாள். அருப்புக்கோட்டைப் பெண், மத்திகிரியில் வாடகை அறை. தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமாக்கும் உத்தரவு ஜி.எம். மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. கையெழுத்து விழாவிட்டால் சாயங்காலமே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

2009இல் அந்த ஆப் செய்த வேலை சின்னது. லைன் சூப்பர்வைசர்கள் மெஷின் நிலவரத்தை மெசேஜாக அனுப்புவார்கள். ஜி.எம். போனிலும் சென்னையில் எம்.டி. போனிலும் அது வந்து விழும். பிரேக்டவுன், ரிஜெக்ட் மாதிரி கெட்ட செய்தி இருந்தால் அந்தச் சொல் மட்டும் தடித்த சிவப்பில் தெரிய வேண்டும்.

இதற்கு ரெஜெக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. இன்ன எழுத்துகள் இன்ன வரிசையில் எங்கே வந்தாலும் பிடி, பிடித்ததற்குச் சாயம் பூசு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஒரு வரி. பார்த்தால், கீபோர்டின் மேல் சாம்பார் வாளியை வைத்து எடுத்த மாதிரி இருக்கும்.

அதை எழுதி முடிப்பதற்குள் ஸ்வாதி பாதி ஆளாகிவிட்டாள். பிரேக்டவுன் என்பதை இங்கிலீஷில் சூப்பர்வைசர்கள் ஆளுக்கொரு விதமாக அடித்தார்கள். ஒருவர் நடுவில் இடம் விட்டார். ஒருவர் உயிரெழுத்துகளை மிச்சம் பிடித்தார். ஒருவர் பிரேக் வரை அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். அத்தனையையும் பிடிக்கும்படி அவள் வரியை நீட்டிக்கொண்டே போனாள்.

ஆப் ஓடத் தொடங்கிய முதல் வாரம், ஜி.எம். போன் குங்குமம் கொட்டிய மாதிரி சிவந்தது. எம்.டி. போனும்தான். மறு வாரமே தொழிற்சாலை திருந்திவிட்டது.

இதற்குப் பெயர்தான் டிசிப்ளின் என்றார் ஹரீஷ்குமார். அதைக் கேட்டு ஆச்சரியப்படக்கூட ஸ்வாதிக்குத் தெம்பில்லை.

கூட்டத்துக்கு வராத மூன்றாம் லைன் சூப்பர்வைசர் திம்மராயனுக்கு லட்டு கொடுக்கப் போனாள். அங்கே மெஷினின் வயிற்றைத் திறந்து போட்டிருந்தார்கள். அடியிலிருந்து பிட்டர்களின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. சுவரோரம் டிரே டிரேயாக வீணாய்ப்போன உருப்படிகள்.

"எப்பருந்துண்ணே நிக்குது?"

"வெள்ளிக்கெழமலருந்துங்க மேடம்."

"மெசேஜ் போடலியா?"

"தெனமும் போடறனே." திம்மராயன் தன் போனை நீட்டினார். இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் இங்கிலீஷ் இல்லை. 'லைன் த்ரீ மெஷின் மலகிதே' என்றிருந்தது.

"அப்டின்னா?"

"படுத்துருக்குதுன்னு, கன்னடத்துலங்க. இங்கிலீஷ்ல போட்டா செவந்துருதுங்களே. இப்பல்லாம் எல்லா லைன்லயும் இப்படித்தான்." சொல்லிவிட்டு லட்டை நிதானமாகக் கடித்தார்.

ஸ்வாதி பக்கத்திலிருந்த காலி டிரேயின் மேல் உட்கார்ந்தாள். அவள் எழுதிய வரிக்குக் கன்னடம் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஆனால் ஜி.எம். வீட்டில் பேசுவதே கன்னடம். சிவப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிற மனுஷன், என்றைக்காவது ஒரு மெசேஜை முழுதாகப் படித்துத் தொலைத்தால், லட்டு தின்ற ஊரே அவளைத்தான் கை காட்டும்.

கையெழுத்து விழும்வரை வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு திரியவும் தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை.

ஜி.எம். அறையில் உத்தரவுக் காகிதம் விரிந்து கிடந்தது. ஹரீஷ்குமார் பேனாவைத் திறந்துவிட்டார். அதற்கு முன் ஒரு விஷயம் என்று ஸ்வாதி ஆரம்பித்து, மூன்றாம் லைன் நிற்பதையும், வீணான உருப்படிகளையும், மலகிதேயையும் நின்றபடியே ஒப்பித்து முடித்தாள்.

"கன்னட வார்த்தை எல்லாத்தையும் பேட்டர்ன்ல சேத்துர்றேன் சார். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவேன்."

ஹரீஷ்குமார் பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஸ்வாதி மனசுக்குள் ஸ்டவ்வையும் பாயையும் கட்ட ஆரம்பித்திருந்தாள்.

"எம்.டி.க்கு என்னென்ன பாஷை தெரியும், சொல்லு?"

"தமிழ், இங்கிலீஷ் சார்."

அவர் உட்கார்ந்தார். உத்தரவில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

"கன்னடத்துல போடச் சொன்னதே நான்தாம்மா."