கூப்பிட்டுப் பார்த்து வாங்கியது

விற்பனைப் பெண் பாட்டுப் போட்டுக் காட்ட வந்தாள். "பாட்டெல்லாம் வேண்டாங்க," என்று நவநீதன் தடுத்தான். இரண்டாயிரத்துக்குள் நல்ல ஹெட்போன் கேட்டிருந்தான். அவள் எடுத்து வைத்ததில் ஒன்றை மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்த்தி வைத்திருந்த அப்பாவைப் பார்த்தான்.

"ராத்திரியில கூப்புடுவீங்கல்ல, அதே மாதிரி கூப்புடுங்கப்பா."

கடையில் ஆட்கள் நின்றார்கள். ராசப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. "சாமி... கொஞ்சம் தண்ணி குடு சாமி," என்றார்.

"கேக்குது." கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினான். "இன்னும் சத்தமா. வீட்டுல இப்படியா கூப்புடுறீங்க?"

அவர் கத்தினார். இருமல் வந்தது. இருமலும் கேட்டதாம்.

"சத்தமே உள்ள போகாததுன்னா ஆறாயிரம் ஆகுங்க சார்," என்றாள் அந்தப் பெண், பெரியவரின் முகத்தைப் பார்க்காமல்.

"அத்தனைக்கு நான் எங்க போறது?" மிச்சமிருந்த ஒன்றை மாட்டிக்கொண்டு அப்பாவிடம் கையைக் காட்டினான்.

ராசப்பன் வாயை அகலத் திறந்தார். உதடுகள் சாமி என்றன, தண்ணி என்றன. கழுத்து நரம்புகூடப் புடைத்தது. சத்தத்தை மட்டும் தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டார்.

"சுத்தமா கேக்கலைங்க! இதையே பில் போடுங்க," என்று நவநீதன் சந்தோஷமாகக் கழற்றினான்.

"சார், எனக்கும் கேக்க..." என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். ராசப்பன் வேண்டாம் என்று அவளிடம் தலையசைத்தார்.

பைக்கில் மகனுக்குப் பின்னால், பெட்டியை மடியில் அணைத்தபடி, வீடு வரும்வரை அதேபோல் சத்தமில்லாமல் கூப்பிட்டுப் பழகிக்கொண்டு போனார்.