தயாநிதியின் முழங்கால்

"டொக்டர் துள்ளுறார் தம்பி! பதினைஞ்சு வயசிலை பந்தடிச்சுச் சவ்வு அறுந்து, ஒப்பரேசன் இல்லாமல் வெறும் கட்டோடை ஆறின முழங்கால் இப்பிடி இரும்பு மாதிரி இருக்கோ எண்டு கேக்கிறார்!"

சுவிஸின் லோசான் ஆஸ்பத்திரியில், தயாநிதியின் பழைய காயத்தைத் தானே டொக்டரிடம் சொல்லிக் காட்டக் கூட்டிவந்து, அவரின் பிரெஞ்சைத் தமிழாக்கிய சண்முகநாதனுக்கும் சந்தோசம் தாங்கவில்லை. அங்கேயே குசினியில் கோப்பை கழுவும் தயாநிதி, வலது காலை நீட்டியபடி இருந்தான்.

"நாளைக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இதே மாதிரி அறுந்த சவ்வுக்கு ஒப்பரேசனாம். செய்வமோ விடுவமோ எண்டு யோசிச்சவராம். உன்ரை காலைப் பார்த்தாப் பிறகு வேண்டாமெண்டு முடிவெடுத்திட்டாராம். பெரிய ஆளடா நீ!"

டொக்டர் இருவருக்கும் கைகொடுத்துவிட்டு, வாசலைத் தாண்டி உற்சாகமாக விரைந்தார்.

தயாநிதியின் முகம் வெளிறிப்போயிற்று.

"அண்ணை, அவரை மறியுங்கோ!"

"ஏன்ரா?"

"அறுந்தது இடது கால், அண்ணை. பழுதான காலெண்டு தெரிஞ்சால் வேலையும் இஞ்சை இருக்கிற பெர்மிற்றும் போயிடுமெண்டு பயத்திலை, நல்ல காலைக் காட்டிப்போட்டன்!"

சண்முகநாதன் வாயைத் திறக்குமுன், மடங்கி மடங்கி விழப்பார்த்த இடது காலோடு தயாநிதி டொக்டரின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான்.