ஆகஸ்டில்தான் யானை தெரியும்

சாப்பாட்டு மேசை முழுக்க நமீபியா விரிந்து கிடந்தது.

என் வீட்டுக்காரர் ராஜரத்தினம் அந்த வரைபடத்தின்மேல் கவிழ்ந்து சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை நடத்துகிற மனிதருக்கு அன்றைக்குப் படைத் தளபதி என்று நினைப்பு.

பக்கத்து நாற்காலியில் என் தங்கை அழகுத்தாய், ஆறு மாச வயிற்றோடு. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து புருஷன் வீட்டுக் காரில் வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுக்கு ஆவணி ஆறாம் தேதி வளைகாப்பு.

எங்களுக்கு ஆவணி இரண்டாம் தேதி பம்பாயில் விமானம். போய் வரப் பன்னிரண்டு நாள்.

சண்டை அதுதான். ஒரு வாரமாக நடக்கிறது.

பத்து நாள் தள்ளிப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று மறுபடியும் கேட்டேன். ஆகஸ்டில்தான் யானை தெரியும் என்றார். அந்தப் பாலைவனத்தில் குட்டையெல்லாம் வற்றி, மிச்சமிருக்கிற தண்ணீரைத் தேடி யானையும் சிங்கமும் ஒரே இடத்துக்கு வருமாம். ஜீப்பில் உட்கார்ந்தபடியே பார்க்கலாமாம்.

யானை பார்க்க நான் எதற்குக் கடல் தாண்ட வேண்டும்? அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் திரிவதெல்லாம் யானையில்லாமல் வேறென்ன? போன தை மாசம் லத்தி சூடு ஆறாமல் கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அவர் காதில் வாங்கினால்தானே. அவரோடு காலேஜில் படித்த ஐயாதுரை அங்கே கணக்கு வாத்தியார். வா வா என்று பல வருஷமாகக் கூப்பிடுகிறார். இவர் இப்போதுதான் திடீரென்று கிளம்புகிறார். பளிச்சென்று உடுத்தினால் மிருகம் மிரண்டுவிடும் என்று தனக்குக் காக்கியில் இரண்டு சட்டை, எனக்கு மண் நிறத்தில் நாலு சுடிதார் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. முப்பத்தெட்டு வயதில் எனக்குச் சுடிதார். அவர் அந்தச் சட்டையைப் போட்டு நின்றால் பஸ் கண்டக்டர்தான், தோல்பை ஒன்றுதான் குறை.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனதோடு சரி. இப்போது ஒரேயடியாக ஆப்பிரிக்கா. பிள்ளையா குட்டியா, அவிய சுத்தட்டும் என்று தெருவில் பேசுகிறார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அதெல்லாம் எனக்கு உறைப்பது நின்று பல காலமாகிறது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அழகு கைக்கு நான் வளையல் போட வேண்டும்.

அம்மா சாகும்போது அவளுக்கு நாலு வயது. எனக்குப் பதினாறு. தலை வாரிவிட்டது, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டது, சடங்கு சுற்றியது, தாலி ஏறுகிறபோது அம்மா இடத்தில் நின்றது எல்லாம் நான்தான். அவளைத் தங்கச்சி என்று சொல்லுவது ஊருக்காகத்தான்.

அவளாவது எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தேன். அவள் முறுக்கை உடைத்துத் தட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். தின்னவில்லை.

வரைபடத்துக்கு அடியில் ஐயாதுரையின் கடிதம் நீட்டிக்கொண்டிருந்தது. உருவி எடுத்துப் படித்தேன். செப்டம்பர் கடைசியில் வந்தால் இன்னும் நல்லது, அப்போதுதான் தண்ணீர் நன்றாக வற்றி மிருகமெல்லாம் கூட்டமாக வரும், எனக்கும் அவசரமில்லை என்று எழுதியிருந்தார்.

எனக்கு எரிந்தது.

"வாத்தியாரே செப்டம்பர்ங்காரு. பொறவு என்னத்துக்கு ஆகஸ்டுன்னு ஒத்தக்கால்ல நிக்கிறீக?"

அவர் போட்ட கோட்டின் மேலேயே இன்னொரு தடவை பென்சிலை ஓட்டினார்.

பதினாறு வருஷம் கூட இருந்த மனுஷனுக்கு என் மேல் இப்படி ஒரு பகையா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"அத்தான வையாதக்கா," என்றாள் அழகு. "அன்னிக்கு நீ ஊர்ல இல்லாம எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்கன்னு நாந்தான் அவரு கால்ல விழுந்தேன்."

பேசாமல் இருக்கச் சொல்லி அவர் அவளைத் தடுத்தார். அவளால் முடியவில்லை.

"போன தடவ மொத வளையல் நீதானக்கா போட்ட."

ஆமாம். நான்தான் போட்டேன். பிள்ளை பெற்றவர்கள் அத்தனை பேர் நிற்கும்போது, என் அக்காதான் முதலில் போட வேண்டும் என்று மணையில் உட்கார்ந்து அடம்பிடித்தவள் இவள். இரண்டு வருஷம் ஆகிறது. வளையல் போட்ட ஒன்பதாம் நாள் வயிற்றுக்குள் அசைவு நின்றுபோனது. ஆண் பிள்ளை.

அப்போது யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லாததால் நினைக்கவும் இல்லை என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன்.

கோபம் வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்குமுன் போடுகிற ஊசி உடம்பு முழுக்க ஏறினாற்போல இருந்தது.

அழகு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வயிற்றின்மேல் சேலை லேசாக ஏறி இறங்கியது. உள்ளே பிள்ளை புரண்டிருக்கும்.

நான் கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் போதாது, ஐப்பசியில் பிள்ளை பிறக்கிற வரைக்கும் அங்கேயே இருக்க விசா கொடுப்பார்களா என்று ஐயாதுரைக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன்.